நடு மடிப்பு

ஜூன் 3, சனி

காலையில் கேஸ் தீர்ந்துவிட்டது. தாரிணிக்கு இண்டக்‌ஷன் அடுப்பில் உப்புமா கிளறிக் கொடுத்துவிட்டு ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது மொட்டைமாடியில் படப்பிடிப்பு ஆரம்பமாகியிருந்தது.

'ஆறு கட்டை' ஜூலை இதழின் அட்டைப்படக் கட்டுரை பொன்மலை இசைக்குழு ஒன்றைப் பற்றியது. குழுவின் பெயர் 'ஷண்டிங்'. எல்லோரும் திருச்சி ரயில்வே காலனி. நான்கு பையன்கள், ஒரு பெண்மணி. பாடுகிறவன் ஜெரோம். கிட்டார் சதக்கத்துல்லா. டிரம்ஸும் பேஸும் வாசிப்பவர்கள் அண்ணன் தம்பி. யாருக்கும் வயது இருபத்தைந்தைத் தாண்டவில்லை. பெண்மணி பிலோமினா, கீபோர்டு. திருச்சி ஜங்ஷனில் டிக்கெட் கவுண்டரில் வேலை. பாட்டு எழுதுவதும் மெட்டுப் போடுவதும் அவர்தான் என்று எங்கள் நிருபர் வாசு சொன்னான். வயது நாற்பத்தேழு. என்னைவிட ஒரு வயது மூப்பு.

போட்டோகிராபர் டேனியலுக்கு எந்தக் குழுவிலும் யாரும் சிரிக்கக் கூடாது. எங்கேயோ தூரத்தில் பார்க்க வேண்டும்.

"சிரிக்காம நிக்கணுமா? என்னையக் கவுண்டர்ல ஒக்கார வச்சு எடுங்க தம்பி, தானா வந்துரும்" என்றார் பிலோமினா. பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டேனியல் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவரை ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைக்கப் பார்த்தான் டேனியல். ஜெரோம் விடவில்லை. "அக்கா நடுவுல நிக்கட்டும்ணே. அக்காவ ஓரமா வச்சு எடுத்தா ஊருக்குள்ள போக முடியாது" என்று கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்திவிட்டான். இரண்டு பக்கமும் தோளில் கைபோட்டுக்கொண்டார்கள்.

மாம்பழ நிறப் புடவை. முன்நெற்றியில் நரை, டை இல்லை. இடுப்பில் கை வைத்து நின்றார். வயிறு இருக்கிறது. கேமராவுக்கு முன்னால் அதை அவர் உள்ளே இழுத்துக்கொள்ளவே இல்லை. நான் டேனியலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். என்னுடையதை இழுத்துக்கொண்டிருந்தேன் என்பதைப் படியிறங்கும்போதுதான் கவனித்தேன்.

படம் நன்றாக வந்திருக்கிறது.

ஜூன் 5, திங்கள்

ஆசிரியர் குழுக் கூட்டம். ஆசிரியர் கிருபாகரன் சார் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சுவர் வைத்திருக்கிறார். கல்லூரிப் பையன்கள் என்றால் பூசாத செங்கல். மெட்டல் குழு என்றால் கறுப்பு, கீழேயிருந்து வெளிச்சம். கர்னாடக சங்கீதத்தோடு கிட்டார் கலப்பவர்கள் ஜமக்காளமும் குத்துவிளக்கும் இல்லாமல் எங்கள் பக்கங்களுக்குள் நுழைய முடியாது. வடசென்னை என்றால் மீன்பாடி வண்டி. பொன்மலைக்குத் தண்டவாளம். எடுத்தது ராயப்பேட்டை மொட்டைமாடியில் என்றாலும் பின்னால் தண்டவாளம் ஒட்டச் சொன்னார். ஒட்டினேன்.

சொற்களும் அப்படித்தான். ஆண்களுக்குப் புயல், காட்டாறு, தீப்பொறி, அவர்கள் அதிரவைப்பார்கள். பெண்களுக்குத் தேன், தென்றல், கனவு, அவர்கள் வசீகரிப்பார்கள். தலைப்புகள் என் பொறுப்பு என்பதால் பல வருடங்களாக இந்தச் சொற்களை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருக்கிறேன். இன்று பிலோமினாவுக்கு ஒன்று தேடினேன். தேன் சரிவரவில்லை. தென்றல் நிச்சயமாக இல்லை. புயல் சரியாக இருக்கும், ஆனால் பெண்ணுக்கு அதைப் போட்டதில்லை. நாற்பத்தேழு வயதுக்கு எங்களிடம் சொல்லே கிடையாது.

வரும் வழியில் மாவு வாங்க மறந்துவிட்டேன். ராத்திரி பிரெட்.

ஜூன் 8, வியாழன்

படத்தை எதிரெதிர் பக்கங்கள் இரண்டிலும் நீளமாக விரித்து வைத்திருந்தேன். கிருபாகரன் சார் என் மேசைக்கு வந்து குனிந்து பார்த்தார்.

"யாரு இந்தம்மா? பாடுற பையனோட அம்மா துணைக்கு வந்திருக்காங்களா?"

"கீபோர்டு சார். பாட்டெல்லாம் அவங்கதான் எழுதுறாங்க."

"எழுதட்டும், நல்லா எழுதட்டும். நம்ம வாசகன் யாரு மங்கை? காலேஜ் பையன். பக்கத்தத் திருப்புனா அவன் தன்னைப் பாக்கணும். அவங்க அத்தையப் பாக்கக் கூடாது."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சத்தமாகவே.

எடுத்துவிடலாமா என்று கேட்டார். நடுவில் நிற்கிறார், இரண்டு பக்கமும் கைபோட்டிருக்கிறார்கள், எடுத்தால் ஓட்டை விழும் என்றேன். "என்னவோ பண்ணுங்க. உங்களுக்குத் தெரியாததா" என்று போய்விட்டார்.

கொஞ்ச நேரம் யோசித்தேன். எல்லோருக்கும் ஒத்துவருகிற மாதிரி ஒரு வழி கிடைத்தது. படத்தில் யாரையும் வெட்டவில்லை.

மதியம் பக்க வடிவமைப்புக்கு ஒரு புதுப் பெண்ணை நேர்காணலுக்கு வரவழைத்திருந்தார்கள். மூக்கில் வளையம். "உங்க பக்கங்களப் பாத்துத்தான் மேடம் வளர்ந்தேன்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

ஜூன் 10, சனி

தலைக்கு டை அடித்தேன். காதோரத்தில் தோலில் ஒட்டிக்கொண்டது. எலுமிச்சம்பழம் தேய்த்தும் போகவில்லை.

ஜூன் 12, திங்கள்

எங்கள் பத்திரிகையில் ஒரு வழக்கம். கட்டுரையை அச்சாவதற்கு முன் யாருக்கும் காட்ட மாட்டோம்; படம் வரும் பக்கத்தை மட்டும் எழுத்தில்லாமல் அனுப்பிச் சம்மதம் வாங்குவோம். பொன்மலைக்கு அனுப்பினேன். அரைமணி நேரத்தில் பிலோமினாவிடமிருந்து போன்.

"மங்கை மேடம், நான் பிலோ. ஸ்டேஷன் பூரா காட்டிட்டேன். ஒரு டிடிஇ இது யாரு ஹீரோயினான்னாரு. ஆமாய்யா, பக்கத்துல நிக்கிறது நாலும் வில்லனுங்கன்னேன்."

எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. மேடம் வேண்டாம் என்றேன். "அப்ப நீங்களும் என்னைய அக்கான்னே சொல்லிருங்க" என்றார். சொல்ல வாய் வரவில்லை.

திரையில் படம் அழகாக இருக்கிறது. திரையில் இரண்டு பக்கமும் ஒரே பக்கம் மாதிரித் தெரியும். ஜனவரியிலிருந்து எங்கள் இதழின் நடுவில் ஸ்டேப்ளர் பின் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். முதுகில் பசை போட்டு ஒட்டுகிறார்கள். புத்தகம் முழுதாக விரியாது. நடுவில் இரண்டு பக்கமும் விரல் அகலத்துக்கு உள்ளே போய்விடும். மார்ச் இதழில் ஒரு மிருதங்க வித்வானின் வலது கை அப்படிப் போனது. அதற்குப் பிறகு நடு மடிப்பில் ஆள் வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தப் படத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தலாம். ஆனால் தலைப்புக்கு இடம் போதாது. பார்க்கலாம்.

ஜூன் 14, புதன்

வாசுவின் கட்டுரை எட்டு வரி மிஞ்சியது. வெட்டினேன். வாசு ஊரில் இல்லை.

ஜூன் 17, சனி

பக்கங்கள் அச்சுக்குப் போயின. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டேன். "உடம்பு சரியில்லையாம்மா?" என்று தாரிணி கேட்டாள். இல்லை என்றேன். பிறகு ஆமாம் என்றேன். தோசை அவள்தான் ஊற்றினாள்.

ஜூலை 1, சனி

இதழ் வந்துவிட்டது. அட்டையில் ஜெரோம் மட்டும். பாடுகிறவன் மட்டும்தான் அட்டையில் வருவான், அதுவும் எங்கள் வழக்கம்.

உள்ளே விரித்துப் பார்த்தேன். இடது பக்கத்தில் ஜெரோமும் சதக்கும். வலது பக்கத்தில் அண்ணன் தம்பி. நடுவில் மாம்பழ நிறத்தில் மெல்லிய கோடு. இரண்டு கையாலும் பலமாக இழுத்தால் ஒரு காதும் கண்ணாடியின் ஓரமும் தெரிகிறது. தோளில் போட்ட கைகள் இந்தப் பக்கம் மடிப்புக்குள் போய் அந்தப் பக்கம் வெளியே வருகின்றன. நான்கு பேர் ஒருவரையொருவர் அணைத்துக்கொண்டு நிற்பது போலவே இருக்கிறது. ஒட்டிய தண்டவாளம் கூட நன்றாகப் பொருந்தியிருக்கிறது.

"சூப்பர் மங்கை" என்றார் கிருபாகரன் சார். புதுப் பெண் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவாகிவிட்டதாம்.

வீட்டில் தாரிணி இதழைப் புரட்டினாள். "இங்க நடுவுல யாரோ ஆன்ட்டி இருக்காங்க போலம்மா" என்று தரையில் வைத்து முழங்காலால் அழுத்தினாள். பசை விட்டுப் பக்கம் கையோடு வந்துவிட்டது. "ஆமா, இருக்காங்க" என்றாள். கிழித்ததற்காக அவளைத் திட்டினேன். அந்த அளவுக்குத் திட்டியிருக்க வேண்டாம்.

ஜூலை 3, திங்கள்

பிலோமினாவின் போன்.

"மங்கை, புக்கு வந்துருச்சு. என்னைய எங்கங்க வச்சீங்க? நானும் திருப்பித் திருப்பிப் பாக்குறேன். நோட்டுக்குள்ள நசுங்குன பூச்சி மாதிரி நடுவுல கெடக்கேன்!"

சிரித்தார். பைண்டிங் மாறியதில் இப்படி ஆகிவிட்டது, அச்சகத்தில் கவனிக்கவில்லை என்றேன்.

"அட விடுங்க. உங்களுக்குத்தான் திட்டு விழுந்திருக்கும். விழுந்துச்சா?"

"ம்."

"அடப் பாவமே. எவனோ செஞ்சதுக்கு நம்ம தலையதான் உருட்டுவானுங்க. எங்க ஆபீசும் அப்பிடித்தாங்க. மனசுல வச்சுக்காதீங்க."

அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன்.

வைப்பதற்கு முன்னால் கொஞ்சம் இழுத்தார். "இன்னொண்ணுங்க. பாட்டெல்லாம் பசங்க எழுதுற மாதிரி போட்டிருக்கு. என்னைய ஒத்திகைக்கு எடமும் டீயும் குடுக்குற அக்கான்னு சொல்லியிருக்கு. எங்க வீட்ல டீயே கெடையாதுங்க, காப்பிதான்." சிரித்தார். இந்த முறை சிரிப்பு சின்னது.

இடம் பத்தவில்லை என்றேன்.

ஜூலை 4, செவ்வாய்

வாசு ஊரிலிருந்து வந்துவிட்டான். "என் எட்டு வரி எங்க மேடம்?" என்றான். இடம் பத்தல வாசு. இரண்டு நாளில் இரண்டாவது முறை. அவன் தன் இடத்தில் போய் உட்கார்ந்தான்.

கேஸ் வந்தது.

ஜூலை 12, புதன்

மாலை பிலோமினா கூப்பிட்டார். ஒரு பனியன் கம்பெனி 'ஷண்டிங்'கை ஏழு ஊர்களுக்குக் கச்சேரிக்கு அழைத்திருக்கிறதாம். பெங்களூர், கொச்சி, ஹைதராபாத், மும்பை என்று போகிறது. அந்தக் கம்பெனியின் ஆள், ரோஷன் என்று ஒருவன், எங்கள் இதழைப் பார்த்துத்தான் அழைத்தானாம். நான்கு டிக்கெட் என்கிறானாம்.

"நாங்க அஞ்சு பேருன்னு சொன்னா, புக்குல நாலுதானே இருக்குங்கிறான். நான் துணைக்கு வர்ற அக்கான்னு நெனச்சுக்கிட்டான். வேணும்னா ஒரு ஊருக்குக் கூட வரட்டும்ங்கிறான். ஜெரோம் சண்ட போட்டுட்டான், கேக்க மாட்டேங்குறான். நாங்க சொன்னா நம்ப மாட்டான் மங்கை. பத்திரிகை சொன்னா நம்புவான். நீங்க ஒரே ஒரு போன் போட்டு, படம் தப்பா விழுந்துருச்சு, பாட்டு இந்தம்மாதான் எழுதுது, மேடையில நிக்கிறதும் இந்தம்மாதான்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. போதும்."

சொல்கிறேன் என்றேன்.

"இருபத்திரண்டு வருஷமா கவுண்டர்ல ஒக்காந்து ஊரெல்லாம் எங்க போகுதுன்னு கேட்டுக் கேட்டு டிக்கெட் குடுத்துட்டேன். மொத தடவையா எனக்கு லாங் லீவு எழுதிக் குடுத்திருக்கேன். சூப்பர்வைசரு பேயறஞ்ச மாதிரி பாக்குறாரு."

ரோஷனின் எண்ணை அனுப்பினார்.

ஜூலை 13, வியாழன்

தண்ணீர் லாரி வரவில்லை. அடுத்த தெருவிலிருந்து இரண்டு குடம். இடுப்பு வலி. எண் போனில் இருக்கிறது.

ஜூலை 14, வெள்ளி

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடலாமா என்று கிருபாகரன் சாரிடம் கேட்டேன். இரண்டு வரி போதும், கடிதங்கள் பக்கத்தில் மூலையில்.

"'வருந்துகிறோம்'னு போட்டா யாரு மங்கை மதிப்பான்? அந்தப் பனியன் கம்பெனிக்காரன் அடுத்த மாசம் பின் அட்டை விளம்பரம் குடுக்குறான். அவன்கிட்ட நாங்க ஆளையே தப்பா காட்டிட்டோம்னு சொல்லச் சொல்றீங்களா? பேசாம வேலையப் பாருங்க."

பேசாமல் வேலையைப் பார்த்தேன். நாகஸ்வரமும் சாக்ஸபோனும் சேர்ந்து வாசிக்கும் ஒரு ஜோடி. ஜமக்காளம் விரித்தேன்.

ஜூலை 17, திங்கள்

ரோஷனின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தேன். அச்சகத்தின் தவறு என்று ஏற்கெனவே சொன்ன பொய்யை இன்னொரு முறை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பொய்யால் அவருக்கு ஒரு நல்லது நடந்திருக்கும். அதைக்கூடச் செய்யவில்லை. ரோஷன் கிருபாகரன் சாரிடம் கேட்பான், அவர் என்னிடம் கேட்பார், புதுப் பெண்ணின் விண்ணப்பம் அவர் மேசையிலேயே இருக்கிறது. இப்படியெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் இரண்டு பஸ் போய்விட்டன.

ஜூலை 20, வியாழன்

அவரே கூப்பிட்டார்.

"ரோஷனுக்குப் போட்டீங்களா?"

"போட்டேன். எடுக்கல."

"சரி விடுங்க, இனிமே வேண்டாம். பசங்க கையெழுத்துப் போட்டுட்டாங்க. ஜெரோம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் போட்டான். அவனுக்கு மூணு தங்கச்சி. வர்ற வாய்ப்ப விடாத, கையெழுத்துப் போடுறான்னு நான்தான் சொன்னேன். கீபோர்டுக்கு அங்க ஒரு பையனப் புடிச்சுக்குவாங்களாம். என் பாட்டு போகுதுல்ல, அது போதும்."

போதும் என்பதை இரண்டு முறை சொன்னார்.

பிறகு, "ஒரு கூத்து கேளுங்க" என்றார். "சதக்கோட மாமா பிரஸ்ல இருக்காரு. நடுவுல மூஞ்சி விழாமப் பாக்குறதுதான் மொத வேலை, இது தெரிஞ்சே வச்சதுன்னு சொன்னாராம். பய வந்து குதி குதின்னு குதிக்கிறான். நல்லாத் திட்டிவிட்டேன். வாயக் கழுவுடா, அந்தப் பொண்ணு அப்பிடிச் செய்யாது, நான் பேசியிருக்கேன், எனக்குத் தெரியும்னேன். அழுதுட்டான் பாவம்."

அந்தப் பொண்ணு என்றது என்னை.

முப்பதாம் தேதி, பையன்கள் கிளம்புவதற்கு முன்னால், காலனி மைதானத்தில் ஒரு கச்சேரி வைக்கிறார்களாம், ஐந்து பேரும் சேர்ந்து. அதற்கு ஃப்ளெக்ஸ் அடிக்க அந்த முழுப் படம் வேண்டும்.

"ஃப்ளெக்ஸ்ல மடிப்பு கெடையாதுல்ல?"

"இல்ல."

"அப்பச் சரி."

பெரிய அளவிலேயே அனுப்பினேன். ஒட்டிய தண்டவாளத்தை எடுத்துவிட்டேன். பின்னால் மொட்டைமாடியும் தண்ணீர்த் தொட்டியும் இருந்தபடியே இருக்கட்டும் என்று.

ஜூலை 23, ஞாயிறு

தாரிணியின் யூனிஃபார்ம், என் புடவைகள், அவள் அப்பா ஹோசூரிலிருந்து கொண்டுவந்த சட்டைகள். எல்லாவற்றையும் இஸ்திரி போட்டேன். "அத ஏம்மா போடுற?" என்று பிடுங்கும்வரை துண்டுகளையும்.

ஜூலை 28, வெள்ளி

ஃப்ளெக்ஸை ஜங்ஷனில் கட்டிவிட்டார்கள். பிலோமினா படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

ரோஸும் மஞ்சளும் கலந்த பின்னணி, சுற்றிலும் நட்சத்திரம். எழுத்துக்கு மூன்று நிழல். நான் வாழ்நாள் முழுக்கச் செய்யாதே என்று மற்றவர்களுக்குச் சொன்ன எல்லாமும் அதில் இருந்தது. ஆனால் ஐந்து பேரும் இருந்தார்கள். நடுவில் பிலோமினா, பின்னால் நிற்கிற மினி பஸ்ஸைவிட உயரமாக, இடுப்பில் கை.

அடியில் நீளமாக ஒரு வரி: 'எங்களை உலகறியச் செய்த சென்னை மங்கையர்க்கரசி மேடம் அவர்களுக்கு நன்றி! நன்றி! நன்றி!'

கூடவே குரல் பதிவு. "ஞாயித்துக்கெழம வந்துரணும். சாக்கு சொல்லக் கூடாது. பாத்தீங்கல்ல, எம்பேர விட உங்க பேரப் பெருசா போட்டிருக்கேன். சதக்குதான் மொனகுனான். போடுறான்னு போட வச்சேன்."

ஆபீஸ் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அதை மறுபடி கேட்டேன்.

ஜூலை 29, சனி

இதில் எழுதாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன்.

கிருபாகரன் சார் அன்று 'என்னவோ பண்ணுங்க' என்பதோடு நிறுத்தவில்லை. 'கண்ணுல படாம பண்ணுங்க' என்றார். மடிப்பில் வை என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியாது. அது முழுக்க என் யோசனை. படத்தை ஒரு விரல் அளவு நகர்த்தினால் போதும், தலைப்புக்கு நிறைய இடம் இருந்தது. இடம் போதாது என்று நான் எழுதியது, வேறு யாரும் படிக்காத இந்த நோட்டிலேயே எழுதியது, பொய். திரையில் மடிப்பு தெரியாது என்பதால்தான் தைரியமாகப் பொன்மலைக்கு அனுப்பினேன். அவர் ஸ்டேஷன் முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தபோது எனக்குத் தெரியும்.

வாசுவின் எட்டு வரி மிஞ்சியது உண்மை. டிரம்ஸ்காரனின் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பத்து வரி இருந்தது; அதை வெட்டியிருக்கலாம். நான் வெட்டியது, பாடல்கள் எல்லாவற்றையும் எழுதி இசையமைப்பவர் பிலோமினா என்று தொடங்கும் பத்தியை. டீ கொடுக்கும் அக்கா என்பது வாசுவின் வரி இல்லை. வெட்டிய இடத்தை மூட நான் எழுதியது.

காலையில் ரோஷனுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். "அய்யோ மேடம், நீங்க ரெண்டு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா போஸ்டரே அவங்கள வச்சு பண்ணியிருக்கலாமே. செம ஐடியா அது. இப்ப டிக்கெட் போட்டாச்சு, நாலு அளவுல டிஷர்ட் தச்சாச்சு, ஹாலுக்கெல்லாம் அனுப்பியாச்சு. அடுத்த வருஷம் பாக்கலாம் மேடம்" என்றான். நல்லவனாகத்தான் இருக்கிறான். அதுதான் தாங்கவில்லை.

பிறகு பிலோமினாவைக் கூப்பிட்டேன். டூட்டியில் இருந்தார். பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது.

"அக்கா" என்றேன். "அது அச்சகத்துத் தப்பு இல்ல. நான்தான் வச்சேன்."

"எதுங்க?"

"உங்க படத்த. மடிப்புல. தெரிஞ்சேதான் வச்சேன்."

அறிவிப்பு தமிழில் முடிந்து இந்தியில் ஆரம்பித்தது.

"யாராச்சும் வைக்கச் சொன்னாங்களா?"

"கண்ணுல படக் கூடாதுன்னாங்க. மடிப்பு நானா செஞ்சது."

"நான் எழுதுனதுன்னு போடாம விட்டது?"

"அதுவும் நான்தான்."

"அந்த ரோஷனுக்குப் போட்டேன், எடுக்கலைன்னீங்களே?"

"அன்னிக்குப் போடல. இன்னிக்குத்தான் போட்டேன்."

"என்னன்னான்?"

"முன்னாடியே சொல்லியிருந்தா உங்களயும் கூட்டிட்டுப் போயிருப்பேன்னான்."

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். இனிமேல் எதையும் விடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அதுவும் எனக்காகத்தானோ என்னவோ.

பின்னால் இந்தி அறிவிப்பும் முடிந்தது.

"ஒண்ணு கேக்கவா?" என்றார். "நீங்க அங்க வைக்கிறதுக்கு முந்தி பாத்திருப்பீங்கல்ல. அந்தப் படத்துல நான் எப்பிடி இருந்தேன்?"

"நல்லா இருந்தீங்கக்கா."

"அப்புறம் என்னங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. கவுண்டரில் எந்த ஊருக்கு என்று கேட்பதுபோலக் கேட்டார். பதிலுக்குக் காத்திருந்தார்.

"சதக்கப் போட்டு அந்தத் திட்டு திட்டிட்டேன்" என்றார். குரல் இப்போதுதான் உடைந்தது. "சின்னப் பய. அவன்கிட்ட நான் என்னங்க சொல்லுவேன்?"

யாரோ கண்ணாடியைத் தட்டுவது கேட்டது. "ஆளு நிக்குது. வைக்கிறேன்."

வைத்துவிட்டார்.

பதில் எனக்குத் தெரியாமல் இல்லை. அவர் நன்றாக இருந்தார், அதனால்தான். என் வயதில் ஒருத்தி நடுவில் அப்படி நிற்கலாம் என்றால், இத்தனை வருடமாக நான் யாருக்குப் பின்னால், எதற்காக நின்றுகொண்டிருந்தேன் என்று யோசிக்க வேண்டியிருக்கும். அதைவிட மடிப்பது சுலபமாக இருந்தது.

ஜூலை 30, ஞாயிறு

போகவில்லை. காலையில் கோயம்பேடு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். தாரிணியிடம் கீரை வாங்கப் போனதாகச் சொன்னேன். கையில் கீரை இல்லை.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பிலோமினாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் வந்திருந்தது. காலனி மைதானம், குழல்விளக்குகள், பிளாஸ்டிக் நாற்காலிகளில் கூட்டம். மேடையில் பிலோமினா கீபோர்டுக்கு முன்னால், நடுவில். ஜெரோம் மைக்கை அவர் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறான். சதக் அவரைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறான். பின்னால் அந்த ஃப்ளெக்ஸ், ஜங்ஷனிலிருந்து அவிழ்த்துக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள்.

அதன் அடியில் என் பெயர் இருந்த இடத்தில் வெள்ளை சார்ட் பேப்பரை நீளமாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். மார்க்கர் பேனாவில் கையெழுத்து, கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்து போகிறது.

'பாடல்கள், இசை: ஞா. பிலோமினா.'

தாளின் அகலம் போதவில்லை. நன்றி, நன்றி, நன்றி போய்விட்டது. அவற்றின் ஆச்சரியக்குறிகளுக்குக் கீழே உள்ள மூன்று புள்ளிகள் மட்டும் வெளியே தெரிகின்றன.

ஒன்றும் எழுதி அனுப்பவில்லை. ஸ்டேட்டஸை யார் யார் பார்த்தார்கள் என்று வைத்தவர்களுக்குக் காட்டும். நான் பார்த்துவிட்டேன் என்பது இந்நேரம் அவருக்குத் தெரிந்திருக்கும்.